தனித்துறை இசைச் சேவைகள்: வலையா, செயலியா?

கைபேசியில் இசை கேட்கும் பழக்கம் நகரத்தாருக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் கடந்துவிட்டது. பாட்டைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளாமல், வலை வழியே வரவரக் கேட்கும் முறையை ஸ்ட்ரீமிங் என்று வழங்குகின்றனர். இத்துறையில் கோடிக்கணக்கான பாட்டுகளை வைத்திருக்கும் பெருநிறுவனங்களைப் பற்றி எழுதுவோர் பலர். ஆயின், ஒரே வகை இசையை, அதனை நாடும் சிறு வட்டத்தாருக்கு மட்டும் வழங்கும் சிறு சேவைகளைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. கர்நாடக இசைக் கச்சேரிகள், நாதசுரம், மேனாட்டுச் சாஸ்திரீய இசை, பழைய இசைத்தட்டுகள், நாட்டுப் பாடல்கள் ஆகியவை இவ்வட்டத்தில் அடங்கும்.

இத்தகைய சேவையொன்றைத் தொடங்குவோர், அது தனியார் முயற்சியாயினும் அரசு நிறுவனமாயினும், முதல் நாளிலேயே ஒரு கேள்விக்கு விடை கூற வேண்டியவராகின்றனர். கைபேசியில் நிறுவிக்கொள்ள வேண்டிய செயலியாக அதனை அமைப்பதா, அன்றி உலாவியில் முகவரியை இட்டதும் திறந்துகொள்ளும் வலைச் செயலியாக அமைப்பதா? இது பொறியாளர் மட்டும் தீர்க்க வேண்டிய சிறு பிரச்சினை என்று பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். அது தவறு என்பது எமது கருத்து. அவ்விசை யாரைச் சென்றடையும், எத்தனை ஆண்டு நிலைக்கும், அதற்குரிய பணம் யார் கைக்குப் போகும் என்பனவெல்லாம் இவ்விடையைப் பொறுத்தவை.

சொற்களை முதலில் தெளிவு செய்துகொள்வோம். செயலி என்பது ஆண்ட்ராய்டு, ஐபோன் என்னும் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனித்தனியே எழுதப்பட்டு, அவ்வக் கருவியின் செயலிக் கடை வழியாக வந்து சேர்வது. வலைச் செயலி என்பது வலைப்பக்கமே. எனினும் இசையை ஒலிக்கச் செய்யவும், திரை பூட்டியிருக்கும்போது நிறுத்தவும் தொடரவும், முகப்புத் திரையில் ஓர் அடையாளமாக அமரவும், தன் பக்கங்களையும் சில கோப்புகளையும் கருவியிலேயே சேமித்துக்கொள்ளவும் வல்லது. 2014-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5, வேறு துணைக்கருவி எதுவுமின்றி உலாவியே ஒலியை இசைக்க வழி செய்தது. வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. 2007-இல் ஐபோன் வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனம் பிறருக்குக் கூறியது, வலைச் செயலிகளையே எழுதுங்கள் என்பதுதான். 2008 ஜூலையில்தான் ஏறத்தாழ 500 செயலிகளுடன் அதன் கடை திறக்கப்பட்டது. இன்று பலரும் இயற்கை நியதிபோல் கருதும் ஏற்பாட்டின் வயது அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருவோம். சிறு இசைச் சேவையின் உயிர் எங்கே இருக்கிறது? பளபளப்பான திரையில் அன்று. பதிவுகளைப் பற்றிய விவரக் குறிப்பில் இருக்கிறது. பெருஞ்சேவைகள் பாட்டு, பாடகர், ஆல்பம் என்னும் மூன்று கட்டங்களை வைத்துக்கொண்டு உலக இசை முழுவதையும் அவற்றுள் அடக்க முயல்கின்றன. திரைப்பாட்டுக்கு அது ஒருவாறு பொருந்தும். கர்நாடகக் கச்சேரிக்கு எங்ஙனம் பொருந்தும்? உருப்படி, அதனை இயற்றியவர், இராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம், கடம், கச்சேரி நடந்த ஊர், ஆண்டு என்று பத்துக் கட்டங்களாவது வேண்டும். மேனாட்டுச் சிம்பனிக்கும் இயற்றியவர், இயக்குநர், இசைக்குழு, தனி வாத்தியக்காரர், பகுதி எண் எனப் பல வேண்டும்.

இராகப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கர்நாடக முறையில் தோடி என்பது வேறு. இந்துஸ்தானி முறையில் தோடி என்பது வேறு. இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளிக்கு நெருங்கியவை. நம் தோடியின் சுரங்களுக்கு நிகரானது வடக்கே பைரவி என்று பெயர் பெறுகிறது. அதுவோ நம் பைரவி அன்று. இதனை அறியாத தேடுகருவி, டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தோடியைக் கேட்க விரும்பியவர் முன் வடநாட்டு சிதார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். போதாக்குறைக்கு, ஆங்கில எழுத்தில் தோடியை ஒருவர் எழுதுவதுபோல் மற்றொருவர் எழுதுவதில்லை. இத்தகைய சிக்கலைத் தீர்ப்பதற்கு வேண்டியவர் இசை அறிந்த பட்டியலாளர். ஒரு பதிவுக்கு அரைமணி நேரம் அமர்ந்து கேட்டு, உறுதி செய்து, எழுதும் பொறுமை உடையவர். அவருக்கு ஊதியம் கொடுக்கப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதே எம் வாதத்தின் நடு. ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி, ஐபோனுக்கு ஒரு செயலி என இரண்டையும் எழுதுவிக்க இரு வகைத் தேர்ச்சி பெற்றவர் வேண்டும். எழுதியதோடு பணி முடிவதில்லை. ஆண்டுதோறும் கருவியின் இயங்குதளம் மாறுகிறது. புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியைத் திருத்தி அனுப்ப வேண்டுமென்று கடைக்காரர் விதி செய்கின்றனர். திருத்தாத செயலி புதியவர் கண்ணில் படாமல் மறைக்கப்படுகிறது, அல்லது நீக்கப்படுகிறது. ஆண்டுதோறும் கூரை வேய வேண்டிய வீடு அது. செல்வமுள்ள நிறுவனத்துக்கு இது சுமையன்று. ஐந்து பேர் கொண்ட இசைச் சேவை, பட்டியலாளரை நிறுத்திவிட்டுக் கூரை வேய்பவரை அமர்த்த நேருகிறது. வலைப்பக்கத்துக்கு இத்தொல்லை மிகக் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய எளிய பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிரைம்ஃபோனிக் என்னும் சேவையின் கதை நினைவில் கொள்ளத்தக்கது. மேனாட்டுச் சாஸ்திரீய இசைக்கு மட்டும் உரிய அச்சேவை, விவரக் குறிப்பில் சிறந்து விளங்கியது. கலைஞருக்குரிய தொகையைக் கேட்ட விநாடிகளின் அளவால் கணக்கிட்டது. இதன் அருமை சற்றே விளக்கத்துக்குரியது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் 30 விநாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டும் ஐம்பது நிமிடப் பல்லவியும் அங்கே ஒரே விலை. அன்றியும் 2024 முதல், ஓராண்டில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு அச்சேவையில் பதிவு உரிமைத்தொகை கிடையாது என்று விதித்தனர். சிறு வட்டத்தார் கேட்கும் இசைக்கு இது என்ன பொருள் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பிரைம்ஃபோனிக்கை 2021 ஆகஸ்டில் ஆப்பிள் வாங்கியது. செப்டம்பர் 7-ஆம் நாள் சேவை மூடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆப்பிளின் சாஸ்திரீய இசைச் செயலி 2023 மார்ச் 28 அன்று வெளியாயிற்று, ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டுக் கருவிக்கு மே மாத இறுதியில்தான் வந்தது. அதே நிறுவனத்தின் ஐபேடுக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, அந்நுண்ணிய பட்டியலால் பயன்பெற்ற கேட்போர் பெருஞ்சேவையின் மூன்று கட்டங்களுக்குத் திரும்பினர். இசை ஒன்றே, அதனை யார் எப்போது கேட்கலாம் என்பதைக் கருவியின் வகை தீர்மானித்தது.

கடைக்குரிய தரகு மற்றொரு செய்தி. செயலிக்குள் விற்கும் மின்பொருளுக்குக் கடைக்காரர் 15 முதல் 30 சதவீதம் வரை பெறுவது வழக்கமாக இருந்துவந்தது. 2008-இல் தோன்றிய பேண்ட்கேம்ப் என்னும் சேவையில் கலைஞர் தம் இசையைத் தாமே விலை குறித்து விற்கலாம். மின்பதிவு விற்பனையில் சேவை எடுத்துக்கொள்வது 15 சதவீதம், விற்பனை மிகுந்தால் 10 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய் ஆல்பத்தில் சேவைக்குப் பதினைந்து. கடைக்காரர் முப்பது கேட்டால், சேவை தன் பங்கு முழுவதையும் இழந்து மேலும் பதினைந்து கடன்பட வேண்டும், அல்லது கலைஞரின் பங்கில் கைவைக்க வேண்டும். 2022-இல் கூகுள் தன் கட்டண முறையையே கையாள வேண்டுமெனக் கூறியபோது, அவ்வாண்டு பேண்ட்கேம்ப்பை வாங்கியிருந்த எபிக் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றம் சென்றது. வழக்கு முடியும்வரை 10 சதவீதத்தைத் தனிக் கணக்கில் செலுத்துவதென்று உடன்பாடாயிற்று. வலையில் தொடங்கி, பின்னரே செயலி கண்ட சேவையாதலால் அதற்குத் திரும்பி நிற்க ஒரு தரை இருந்தது. செயலி மட்டுமே உடைய சேவைக்கு அத்தரை ஏது? (பேண்ட்கேம்ப்பும் 2023-இல் மீண்டும் கைமாறி, ஊழியரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. வலை எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை.)

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கடைக் கட்டண முறை தொடர்பாகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2025-இல் அத்தொகை 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. இடையில் 2024 மார்ச் முதல் நாள், கட்டணத் தகராற்றின் பெயரால் சில இந்திய நிறுவனங்களின் செயலிகள் கடையிலிருந்து அகற்றப்பட்டன. ஒலிக்கதைகளை வழங்கும் குக்கூ எஃப்.எம். அவற்றுள் ஒன்று. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. பெயர்பெற்ற நிறுவனங்களுக்காக அமைச்சர் பேசுவார். இருநூறு நாட்டுப் பாடல்களை வைத்திருக்கும் சங்கத்துக்காகப் பேசுபவர் யார்?

பேரங்காடி ஒன்றும் இப்பாடத்தைக் கற்றது. மிந்த்ரா நிறுவனம் 2015 மே மாதம் தன் வலைத்தளத்தை மூடிச் செயலி ஒன்றே போதும் என்றது. 2016 ஜூனுக்குள் வலைக்குத் திரும்பிவிட்டது.

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுதல் கடமை. வலைச் செயலிக்குக் குறைகள் உண்டு. அவை கள ஊழியரையே மிகுதியும் தாக்குபவை. மலைப்புறத்திலோ வனச் சரகத்திலோ பணி புரிபவருக்குக் கிழமைக் கணக்கில் அலைத்தொடர்பு கிடைப்பதில்லை. அவருக்கு வேண்டியது, புறப்படும் முன் பத்துக் கச்சேரிகளைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு, மாலையில் கேட்கும் வசதி. செயலி இதனைச் செம்மையாகச் செய்கிறது. வலைச் செயலியும் சேமிக்கும். ஆனால் இடம் குறையும்போது உலாவி அச்சேமிப்பைக் கேளாமலே அழித்துவிடக்கூடும். 2020 முதல் ஐபோனின் உலாவியில், ஏழு நாள் திறந்து பாராத தளத்தின் சேமிப்பு நீக்கப்படலாயிற்று. முகப்புத் திரையில் பதித்துக்கொண்ட வலைச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. இவ்வுண்மையைப் பயன்படுத்துவோருக்கு எடுத்துச் சொல்பவர் அரிது. ஐபோனில் வலைச் செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி 2023-இல்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் முகப்புத் திரை வலைச் செயலிகளையே நீக்கிவிடப்போவதாக ஆப்பிள் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் மார்ச்சில் கைவிட்டது. ஆக, வலையும் முற்றிலும் சுதந்திரமான பொட்டல் அன்று. உலாவியைச் செய்பவர் கையிலும் ஒரு கயிறு இருக்கிறது.

எனினும் இக்குறைக்கு நேரான மருந்து ஒன்று உண்டு. புதுமை மோகத்தால் அதனை மறந்துவிட்டோம். உரிமைச் சிக்கல் இல்லாத பதிவாயின், கோப்பையே இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தால் போதும். எந்தக் கைபேசியும் எம்.பி.3 கோப்பை இசைக்கும். காப்புரிமை முடிந்த இசைத்தட்டுகளுக்கும், பொதுப்பணத்தில் களத்திலே பதிவு செய்து, பாடியவரின் இசைவையும் பெற்ற பாடல்களுக்கும் இதனைத் தடுப்பதற்கு நியாயமான காரணம் எமக்குத் தென்படவில்லை. உரிமை உள்ள புதுப்பதிவுகளை விற்கும் சேவைக்கே பூட்டுடன் கூடிய செயலி தேவையாகிறது.

அளவுகளையும் ஒருமுறை கணக்கிட்டுக்கொள்வது நலம். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேர இசை 28.8 மெகாபைட், 128 கிலோபிட்டில் 57.6, 320 கிலோபிட்டில் 144. 2012-இல் தரநிலையான ஓப்பஸ் முறையில் 64 கிலோபிட்டே வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குப் பெரும்பாலும் போதுமானது. ஆயின் பழைய உலாவிகள் எல்லாம் அதனை ஏற்பதில்லை, ஆகவே எம்.பி.3 வடிவமும் உடனிருத்தல் வேண்டும். நன்கு எழுதிய வலைச் செயலியின் முதல் பக்கம் சில நூறு கிலோபைட்டில் அடங்கும். செயலியோ பல பத்து மெகாபைட்டை இசை தொடங்கும் முன்பே கேட்கிறது. புதுப்பிக்கும்போதெல்லாம் மீண்டும் கேட்கிறது. மாணவர் படங்களும், துறைச் செயலிகளும், வருகைப் பதிவேட்டுச் செயலியும் நிரம்பிய ஆசிரியரின் கைபேசியில் இன்னொன்றுக்கு இடம் தேடுவது எவ்வளவு துன்பம் என்பதை இதனைப் படிப்போர் அறிவர். 2017-இல் வந்த ஜியோபோன் போன்ற பொத்தான் கைபேசிகளின் காய் இயங்குதளமோ வலைநுட்பத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆண்ட்ராய்டுச் செயலி அங்கே நுழையாது.

ஆசிரியருக்கு இவற்றினும் முக்கியமானது முகவரி. வலையில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி இருக்கலாம். அதனைக் கரும்பலகையில் எழுதலாம்; வினாத்தாளில் அச்சிடலாம்; விரைவுக் குறியாக்கிப் பாடநூலில் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் அக்குறிகள் இடம்பெற்றதும், 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்ஷா மேடை செயலியாக மட்டுமின்றி வலைத்தளமாகவும் இயங்குவதும் ஆசிரியர்கள் அறிந்தவை. செயலிக்குள் அடைபட்ட பாட்டுக்கோ இத்தகைய முகவரி இருப்பதில்லை. இருந்தாலும் அச்செயலியை நிறுவியவருக்கே திறக்கிறது. நாற்பது மாணவர் வீட்டில் எத்தனை பேர் நிறுவுவர்?

இன்னும் ஒரு நுட்பம். 2012-இல் ஏற்கப்பட்ட ஒரு வலைத் தரநிலையின்படி, ஒலிக்கோப்பின் முகவரி இறுதியில் விநாடிக் கணக்கையும் குறிக்கலாம். கீர்த்தனை முடிந்து கற்பனாசுரம் தொடங்கும் இடம் பதினான்காம் நிமிடம் எனில், மாணவர் தொட்டவுடன் அவ்விடத்திலிருந்தே ஒலிக்கும். ஆலாபனை எங்கே முடிகிறது, நிரவல் எந்த அடியில் அமைகிறது என்று கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் உதவியான ஒன்றை யாம் அறியோம்.

வலை வழியே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குத் துன்யா என்னும் தளம் சான்று. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை நடத்திய காம்ப்மியூசிக் ஆராய்ச்சியில் பிறந்தது அது. சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களின் ஆய்வாளரும் அதில் பங்கு கொண்டனர். கர்நாடக இசைப் பதிவு ஒலிக்கும்போதே குரலின் சுருதி ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து, ஆதார சட்சத்தையும் குறித்துக் காட்டும். கமகம் என்பது செவிக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் புலனாகிறது. சாதாரண உலாவியில் இது இயலுமாயின், ஒரு பாட்டைத் தேடி ஒலிக்கச் செய்யச் செயலி இன்றியமையாதது என்னும் வாதம் எங்கே நிற்கும்?

பொது நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஆகாசவாணியின் இராகம் அலைவரிசை 2016 ஜனவரி 26 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் சாஸ்திரீய இசை வழங்கத் தொடங்கியது போற்றற்குரியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒலிபரப்பைக் கேட்பது ஒன்று. வேண்டிய பதிவை வேண்டியபோது எடுப்பது மற்றொன்று. இனி எந்தத் துறை இசைக் காப்பகம் ஒன்றை மக்கள்முன் வைக்க ஒப்பந்தப்புள்ளி கோரினாலும், 'ஆண்ட்ராய்டுச் செயலி ஒன்று, ஐபோன் செயலி ஒன்று' என்று தொடங்கும் வழக்கமான பத்தியை அடித்துவிடுதல் வேண்டும். அவ்விடத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத முகவரி, தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் தேடல், இறக்கிக்கொள்ளும் வசதி, பட்டியலாளர் ஊதியத்துக்குத் தனி ஒதுக்கீடு ஆகியவை எழுதப்பட வேண்டும். செயலி வேண்டுமெனின் இவை முடிந்த பின்னர் எழுதிக்கொள்ளலாம்; அதுவும் இதே முகவரிகளையே திறக்க வேண்டும்.

கள ஊழியர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. நடவுப் பாட்டையோ தாலாட்டையோ கைபேசியில் பதிவு செய்யும்போது, பாடியவர் பெயர், ஊர், பாடும் வேளை, உடன் ஒலித்த கருவி, நாள், பிறர் கேட்க அவர் அளித்த இசைவு ஆகியவற்றை அப்போதே எழுதி, கோப்பின் பெயரோடு சேர்த்து வையுங்கள். பின்னொரு நாள் அப்பாட்டுக்கு ஒரு பக்கம் திறக்கும்போது, அதில் எழுத வேண்டியவை இவையே. பாடியவர் மறைந்த பின் இவற்றை எந்த நிரலாளராலும் மீட்டெடுக்க இயலாது.